மனசு சரியில்லாதவர் பதிவேடு

2603-ஆம் ஆண்டு சித்திரை மாதம் மலாய் நாட்டில் எங்கள் கல்லாற்று ரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் நலக் கணக்கெடுப்பு நடந்தது. அதுவரை அந்த ஆண்டை 1943 என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஜப்பான்காரர்கள் வந்ததும் காலண்டரில் அறுநூற்று அறுபது வருஷத்தைக் கூட்டிவிட்டார்கள். கடிகார முள்ளையும் முன்னால் தள்ளி வைத்தார்கள். தோக்கியோவில் எத்தனை மணியோ, எங்கள் ஊரான கரங்கானிலும் அத்தனை மணி. கும்மிருட்டில் எழுந்து நின்று, விடிந்துவிட்டது என்று கிழக்கே பார்த்து வணங்கப் பழகிக்கொண்டோம். காலமே உத்தரவுக்கு அடங்கும்போது மனசு எம்மாத்திரம் என்று மேலிடத்தில் யாரோ யோசித்திருக்க வேண்டும்.

நான் அந்தத் தோட்டத்தின் டிரஸ்ஸர். பெயர் பரஞ்சோதி. டிரஸ்ஸர் என்றால் பாதி டாக்டர் என்று வெள்ளைக்காரன் காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். வெள்ளைக்காரன் ஓடியபோது மருந்து அலமாரியும் காலியாகிவிட்டது. மிஞ்சியது புண்ணுக்குப் போடும் ஊதாத் தண்ணீர் ஒரு ஜாடி. காய்ச்சல் என்றால் நெற்றியில் தடவினேன். வயிற்றுவலி என்றால் வயிற்றில் தடவினேன். தோட்டத்தில் பாதிப்பேர் ஊதாவாகத் திரிந்தார்கள். யாருக்கும் குணமாகவில்லை. ஆனால் யார் யார் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள் என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

கணக்கெடுக்க வந்தவர் மொரித்தா என்ற ஜப்பானிய அதிகாரி. மூக்குக்கண்ணாடி போட்டவர். கெட்டவர் அல்ல, படிவம் நிரப்புகிறவர். மெர்கோங் என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாவில் 'மனவுறுதி இலாகா' என்று பலகை மாட்டி அவரை உட்கார வைத்திருந்தார்கள். கப்பலில் வரும்போது பதினைந்து நாளில் ஒரு சின்னப் புத்தகத்தை வைத்து மலாய் கற்றுக்கொண்டாராம். அவருக்குத் துணையாக அழகேசன் வந்தான். அவன் முன்பு அலோர்ஸ்டாரில் துணிக்கடையில் கஜம் அளந்தவன். துணி தீர்ந்து போனதால் மொழிபெயர்ப்புக்கு வந்துவிட்டான். நாங்கள் தமிழில் சொல்வதை அவன் மலாயில் சொல்ல வேண்டும். அதை மொரித்தா ஜப்பானிய மொழியில் எழுதிக்கொள்வார். ஒரு பேச்சு இரண்டு ஆறு தாண்டிக் கரையேற வேண்டும்.

பெரட்டுக்களத்தில், தினமும் ஆள் கணக்கு எடுக்கிற அதே இடத்தில், நாற்காலி போட்டார்கள். நான் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் ஆள் அப்பளசாமி. வயது ஐம்பது. மூத்த மகனைக் காணாமல் ஏழு மாதம். அரிசியைப் பார்த்து அதைவிட அதிகம்.

"நீ எப்படி இருக்கேன்னு துவான், அதான் தொரை, கேக்குறாரு" என்றான் அழகேசன்.

அப்பளசாமி யோசித்தார். உடம்பு சரியில்லை என்று சொன்னால் என் ஊதாத் தண்ணீர் வரும். சோம்பேறி என்று எண்ணிவிட்டால் கன்னத்தில் அறை வரும். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் ஏதாவது வேலை வரும். மூன்றுக்கும் நடுவில் ஒரு பாதுகாப்பான இடத்தைக் கண்டுபிடித்தார்.

"மனசு சரியில்லீங்க."

இதைத் தமிழர்கள் நாங்கள் தினம் நாலு தடவை சொல்லுவோம். மழை பெய்தால் சொல்லுவோம். ஊரிலிருந்து கடிதம் வராவிட்டால் சொல்லுவோம். அழகேசன் துணி அளக்கிற மாதிரியே வார்த்தைக்கு வார்த்தை அளந்தான். மனசு என்றால் 'ஹாத்தி'. சரியில்லை என்றால் 'தாக் பெத்தூல்'.

"ஹாத்தி தாக் பெத்தூல், துவான்."

மொரித்தா நிமிர்ந்து பார்த்தார். மலாயில் ஒருவனைத் 'தாக் பெத்தூல்' என்று சொன்னால் அவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று அர்த்தம். அது அவருடைய புத்தகத்தில் இருந்திருக்கும் போலிருக்கிறது. தன் தலையைத் தொட்டுக் காட்டி, "இங்கேயா?" என்று கேட்டார். ஜப்பான்காரர் கேட்ட கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லி நல்லபடியாக வீடு திரும்பியவர்கள் அப்போது குறைவு. அழகேசன் உடனே, "யா, துவான்" என்றான்.

மொரித்தா எழுதிக்கொண்டார். அடுத்து ராக்காயி வந்தாள். முன்னால் நின்றவர் அறை வாங்காமல் போனதைப் பார்த்திருந்தாள். "எனக்கும் மனசு சரியில்லீங்க" என்றாள். அதற்கப்புறம் வரிசை வேகமாக நகர்ந்தது. எல்லோரும் அதையே சொன்னார்கள். உண்மையும் அதுதான். அந்த வருஷம் யாருக்கு மனசு சரியாக இருந்தது?

தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், கடைசி லயத்துக் கடைசி வீட்டு ஆட்கள் கடைசியில் வந்தார்கள். மருதம்மாள், அவள் மகள் பிரேமாவதி, தம்பி முனியாண்டி, மூன்று பேர்.

முனியாண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அவனுடைய மனைவி செல்லாயி துணி துவைக்கப் போனவள் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் யாரைப் பார்த்தாலும், "செல்லாயியைப் பார்த்தீங்களா?" என்று கேட்பான். அதைத் தவிர அவனிடம் வேறு தொந்தரவு கிடையாது. சாப்பிடும்போது இரண்டு மங்குத் தட்டு வைப்பான், ஒன்று அவளுக்கு. அவன் கேட்டால் நாங்கள், "தோ, மேட்டு லயத்துல பார்த்தேன்" என்போம். அவன் மேட்டு லயத்துக்கு ஓடுவான். அங்கே இருப்பவர், "இப்பத்தான் ஆத்துப் பக்கம் போனா" என்பார். சினிமா கொட்டகை இல்லாத தோட்டத்தில் எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு மூன்று தடவை அல்ல.

"பைத்தியத்துக்கு ஈப்போவுக்கு டிக்கெட்டு எடுக்கணும்" என்பது ஆட்களை மேய்க்கும் மண்டோர் குழந்தைவேலுவின் வாடிக்கையான வேடிக்கை; பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஈப்போ பக்கம்தான் இருந்தது. அவருடைய மகனுக்குப் பிரேமாவதியைப் பேசிப் பாக்கு வெற்றிலையும் மாற்றியிருந்தார்கள். மாமன் பைத்தியம் என்ற காரணத்தைச் சொல்லி வெற்றிலை காய்வதற்குள் நிறுத்திவிட்டார். அந்த நாளிலிருந்து மருதம்மாளிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். அன்றும் அதுதான் வந்தது.

"எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கோம். என் தம்பி ரொம்ப நல்லா இருக்கான்."

முனியாண்டி மொரித்தாவைப் பார்த்து, "செல்லாயியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் மொரித்தா.

"உங்கள் மனைவியின் நலம் விசாரிக்கிறான், துவான்" என்றான் அழகேசன். மொரித்தாவுக்கு இரண்டு வருஷமாகப் பிரிந்திருக்கும் தன் மனைவியின் ஞாபகம் வந்தது போலிருக்கிறது. எழுந்து அவனுக்குத் தலை வணங்கினார். அன்று முழுவதும் அவர் வணங்கியது அவன் ஒருவனுக்குத்தான். பதிவேட்டில் நான் எழுதினேன்: பெரியவர்கள் இருநூற்றுப் பதினான்கு. மனசு சரியில்லாதவர்கள் இருநூற்றுப் பதினொன்று. ஆரோக்கியமானவர்கள் மூன்று.

இந்த அறிக்கை மெர்கோங்குக்குப் போனதும் இலாகாவில் குழப்பம் உண்டானது. புதிய ஆட்சியில், எல்லோரும் செழிப்பாக வாழும் மகத்தான ஆட்சியில், ஒரு தோட்டமே சித்தம் கலங்கிக் கிடக்கிறது என்று எழுத முடியாது. எண்ணிக்கையை மாற்றவும் முடியாது, முத்திரை விழுந்துவிட்டது. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டார்கள். புதிய ஆட்சியில் மனசு கெடக் காரணமே இல்லை. ஆகவே அது பழைய ஆட்சியிலேயே கெட்டிருக்க வேண்டும். ஆகவே சித்தக் கலக்கம் நோயாளியின் குற்றம் அல்ல, இங்கிலீஷ்காரனின் குற்றம். ஆகவே அதற்காக யாரும் வெட்கப்படலாகாது, யாரும் யாரையும் வெட்கப்படுத்தலாகாது.

இப்படியாகத்தான் கல்லாற்றுத் தோட்டத்தில் மனநல விழிப்புணர்வு வாரம் வந்தது.

பெரட்டுக்களத்தில் பலகை நட்டார்கள். 'மனசு சரியில்லாதவரை மதிப்போம்' என்று அழகேசன் கைப்பட எழுதியிருந்தான். பைத்தியம், கிறுக்கு, கோட்டி, மறை கழண்டது ஆகிய சொற்கள் தடை செய்யப்பட்டன. மீறினால் கன்னத்தில் இரண்டு அறை. இவற்றுக்குப் பதிலாக 'மனசு சரியில்லாத பெருமகன்' என்றும் பெண்ணானால் 'பெருமகள்' என்றும் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு நாள் தோட்டத்தில் சண்டையே போட முடியவில்லை. ராக்காயி தன் புருஷனைப் பார்த்து, "யோவ், மனசு சரியில்லாத பெருமகனே! வீட்டுல ஒரு குச்சிக் கிழங்கு இல்ல, ஒனக்குச் சுருட்டு கேக்குதா?" என்று கத்தினாள். அவன், "ஏன்டி இவ்வளவு மரியாதையா பேசுற, பயமா இருக்குலா" என்று வெளியே போய்விட்டான். அப்பளசாமிக்கு வழக்கமான பழமொழி ஒன்று உண்டு. 'பைத்தியம் தெளிஞ்சுபோச்சு, உலக்கையைக் கொண்டா கோவணம் கட்டணும்' என்பார். அதை இலாகாவுக்கு எழுதி அனுமதி கேட்கலாமா என்று என்னிடம் வந்தார். அழகேசன் திருத்திக் கொடுத்தான்: 'பெருமகன் தெளிந்துவிட்டார், உலக்கையைக் கொண்டுவாருங்கள்.' கோவணம் அரசாங்க மொழிக்கு ஆகாது என்று எடுத்துவிட்டான்.

வாரத்தின் முடிவில் சான்றிதழ்கள் வந்தன. ஆளுக்கு ஒரு தாள். சிவப்பு முத்திரை. ஜப்பானிய எழுத்து. ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. மலாய்க்காரர் தாளைச் 'சூராட்' என்பார்கள். எங்கள் ஆட்கள் 'தாக் பெத்தூல்' என்பதையும் சேர்த்து அதைத் 'தாபெத்து சூராட்' ஆக்கிவிட்டார்கள். பாதிப்பேர் அதைக் கிழங்கு மடிக்க வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் சயாமுக்கு ஆள் எடுக்கிற செய்தி வந்தது.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்று சொன்னார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூன்று மாத வேலைக்குப் போனவர்கள் ஐந்து மாதமாகத் திரும்பவில்லை. அதே உத்தரவில் பதினான்காவது விதி என்று ஒன்று இருந்தது. 'சித்தம் கலங்கியோரை ரயில் பாதைப் பணிக்கு அனுப்பலாகாது. தண்டவாளம் கோணலாகும்.' அழகேசன் அதை வாசித்து முடிப்பதற்குள் களத்தில் ஒருவரும் இல்லை. கிழங்கு மடித்த தாளைத் தேடி ஓடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் மனநோய்க்குக் கிடைத்த மரியாதையை வேறு எந்த நாட்டிலும் எவரும் கண்டிருக்க மாட்டார்கள். சூராட்டுக்கு மஞ்சள் தடவி, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். மேட்டு லயத்துப் புஷ்பவள்ளியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் தாய் கேட்ட முதல் கேள்வி, "பையனுக்குச் சூராட்டு இருக்கா?" என்பதுதான். மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க தாத்தா தஞ்சாவூருல தென்னை மரத்துல ஏறி மூணு நாளு எறங்கலைங்க. வம்சமே அப்படித்தான்" என்றார். பெண் வீட்டார் விழுந்து விழுந்து உபசரித்தார்கள். ஒளித்து வைத்திருந்த சித்தப்பா, கட்டிப்போட்டிருந்த அத்தை, கேரளத்து மந்திரவாதியிடம் கூட்டிப்போன ஓரகத்தி எல்லோரும் குடும்பப் பெருமையாக வெளியே வந்தார்கள்.

மண்டோர் குழந்தைவேலு மட்டும் என்னிடம் வருத்தப்பட்டார்.

"டிரஸ்ஸரே, இது நியாயமா? பால் வெட்டுறவனுக்கும் அதே தாளு, மண்டோருக்கும் அதே தாளா?"

"முத்திரை ஒண்ணுதானே, மண்டோர்."

"அவனுக்கு வந்ததும் எனக்கு வந்ததும் ஒரே மனசு சரியில்லாததா? எனக்குப் பொறுப்பு ஜாஸ்தி. கொஞ்சம் பெருசா எழுதித் தரச் சொல்லுங்க. முனியாண்டி கூட எங்களுக்குப் பங்காளி முறைதான், தெரியுமா? ரத்தத்துலயே இருக்கு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முனியாண்டிக்குத் தாள் இல்லை. உண்மையிலேயே அந்தத் தாளுக்கு உரியவன் அவன் ஒருவன். தோட்டத்தில் நோயே இல்லாத வீடு என்று என் கையெழுத்தில் பதிவாகியிருந்ததும் அவன் இருந்த வீடு ஒன்றுதான்.

பேனாவை எடுத்துக்கொண்டு கடைசி லயத்துக்குப் போனேன். மருதம்மாள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். முனியாண்டி இரண்டு மங்கையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"மருதம்மா, உங்க வீட்டுல மூணு பேரும் நல்லா இருக்கீங்கன்னு எழுதியிருக்கு."

"நல்லாத்தானே இருக்கோம், டிரஸ்ஸரய்யா."

"தம்பிக்கு மட்டும் மாத்தி எழுதிடுறேன். முத்திரை விழுந்தாலும் விட்டுப்போனவங்களை இன்னும் மூணு நாளு சேர்க்கலாம்னு இருக்கு. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்ன வார்த்தை?"

பன்னிரண்டு வருஷமாக அவள் காதுபடச் சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு வாயில் வரவில்லை.

"ஊரே வாங்கிருச்சே, மருதம்மா. இப்ப அதுல வெக்கம் ஒண்ணும் இல்ல. பலகையே போட்டிருக்காங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஊருக்கு இது வெளையாட்டு, ஐயா. வெளையாடி முடிஞ்சதும் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு எல்லாரும் நல்லவங்களாயிருவீங்க. எங்க தாளு மட்டும் கிழியாது. பெண்டாங்குலேருந்து இவளுக்கு ஒரு எடம் பேசுறாங்க. மளிகைக்கடைக்காரங்க. ஒரு தடவை கெட்டது போதும்."

"சயாமுக்கு ஆள் எடுக்குறாங்களே."

"இவனைக் கொண்டுபோய் என்ன செய்வாங்க? மம்மட்டி பிடிக்கத் தெரியாது. அவன் பாட்டுக்குச் சும்மா நிப்பான். கண்ணுள்ளவங்க பார்த்தா விட்டுருவாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவனுக்கு ஒண்ணும் இல்லைன்னே இருக்கட்டும், ஐயா" என்றாள்.

நான் அவளைக் கேட்காமலே எழுதியிருக்கலாம். ஒரு வரி. யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் சொன்னதை மதிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரையும் மதித்துக்கொண்டிருந்தோம் அல்லவா.

பத்து நாள் கழித்து லாரி வந்தது. நாற்பது ஆரோக்கியமான ஆண்கள் வேண்டும் என்று உத்தரவு. மொரித்தா பெரட்டுக்களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஜப்பானிய மொழியில் தான் எழுதிய பிரதியைப் புரட்டினார். ஆரோக்கியமான ஆண் ஒருவர். மறுபடி புரட்டினார். அதே ஒருவர். வியர்த்துவிட்டது. அவருடைய விழிப்புணர்வு வாரத்தைச் சிங்கப்பூர் தலைமையிடத்திலேயே பாராட்டிவிட்டார்கள். இருநூற்றுப் பதினொன்று என்ற எண்ணை இனித் தொட்டால் அவருடைய தலைக்கு ஆபத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த ஒருவரை அழைக்கச் சொன்னார்.

முனியாண்டியை இருவர் கூட்டி வந்தார்கள். பின்னாலேயே மருதம்மாள் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள். இருநூறு பேர் நிற்கிற களத்தின் நடுவில் நின்று, பன்னிரண்டு வருஷம் வாயைப் பொத்தி வைத்திருந்ததைக் கத்திச் சொன்னாள்.

"ஐயா, என் தம்பிக்குப் பைத்தியம்! ஊருக்கே தெரியும், அவனுக்குப் பைத்தியம்! விட்டுருங்க!"

தடை செய்யப்பட்ட சொல். அதுவும் இரண்டு தடவை. காவலாளி அவள் கன்னத்தில் நாலு அறை விட்டான். மனநலத்தை இழிவு செய்யும் சொல்லுக்காக எங்கள் தோட்டத்தில் தண்டனை வாங்கியது அவள் ஒருத்திதான்.

அழகேசன் விதியை விளக்கினான். "இங்க பாரும்மா. நீ நல்லா இருக்கேன்னு பதிவாயிருக்கு. நல்லா இருக்கிறவ மொதல்ல ஒண்ணு, அப்புறம் ஒண்ணு பேச மாட்டா. அப்ப மொத சொன்னதுதான் சரி."

"அப்ப எனக்கும் பைத்தியம்னு எழுதிக்குங்க!"

"அப்படின்னா ஒன் சாட்சி செல்லாதே."

மொரித்தா கையை உயர்த்தினார். நான் முன்பே சொன்னேன், அவர் கெட்டவர் அல்ல. வேறு யாராவது சாட்சி சொன்னால் விசாரிக்கலாம் என்றார். ஆனால் ஒரு வரி தவறு என்றால் பதிவேடே தவறு. பினாங்கிலிருந்து ராணுவ டாக்டரை வரவழைத்து இருநூற்றுப் பதினான்கு பேரையும் புதிதாகப் பரிசோதிக்க வேண்டியிருக்கும். அழகேசன் இதை நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னான். அந்த ஒரு தடவை அவன் மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை.

"சொல்லுங்க. முனியாண்டிக்கு மனசு சரியில்லையா?"

மருதம்மாள் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். மேட்டு லயத்துக்கு அவனை ஓட விட்டவர்களைப் பார்த்தாள். ஆற்றுப் பக்கம் ஓட விட்டவர்களைப் பார்த்தாள்.

மண்டோர் குழந்தைவேலுதான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"நல்ல மனுசன்ங்க. எங்க பங்காளிதான். ஒரு குறையும் கெடையாது."

"தங்கமான பையன்" என்றாள் ராக்காயி.

"ரொம்ப வெவரமானவன்" என்றார் அப்பளசாமி. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

பன்னிரண்டு வருஷமாகக் கிடைக்காத நற்பெயர் முனியாண்டிக்கு அந்தக் கால் மணி நேரத்தில் கிடைத்தது. கடைசியாக மொரித்தா என் பக்கம் திரும்பினார். டிரஸ்ஸர் என்ன சொல்கிறார்? எனக்கும் ஒரு தாள் இருந்தது, சட்டைப்பையில். நான் பதிவேட்டைத் திறந்து, இருந்ததை இருந்தபடி வாசித்தேன்.

"முனியாண்டி. ஆரோக்கியம்."

லாரி புறப்பட ஆயத்தமானது. அவன் ஏற மாட்டேன் என்று நின்றான். காவலாளி துப்பாக்கிக் கட்டையைத் திருப்பிப் பிடித்தான். அப்போது கூட்டத்திலிருந்து, "முனியாண்டி, செல்லாயி சயாமுல இருக்கா. பார்த்தேன்" என்று ஒரு குரல் வந்தது. யார் சொன்னது என்று தெரியவில்லை என எழுதிவிடலாம். சொன்னது நான்தான். அடி விழக் கூடாது என்றுதான் சொன்னேன். இதைக் கடவுளிடம்கூடப் பலமுறை விளக்கிவிட்டேன்.

அவன் முகம் மலர்ந்தது. தானாகவே லாரியில் ஏறினான். ஏறி நின்று, "அக்கா, சோறு வச்சிரு. ரெண்டு பேரா வந்துருவோம்" என்று கத்தினான். லாரி மேட்டு லயத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. மீதி முப்பத்தொன்பது பேரை மனசு சரியாக இருந்த பக்கத்துத் தோட்டத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

மொரித்தா எழுதிய அறிக்கையில் பொய் ஒன்றுகூட இல்லை. 'கல்லாற்றுத் தோட்டத்தின் ஆரோக்கியமான ஆண்கள் நூற்றுக்கு நூறு பேர் பணிக்குப் புறப்பட்டனர். ஏறும்போது மகிழ்ச்சியாகக் காணப்பட்டனர்.' வேறெந்தத் தோட்டமும் நூற்றுக்கு நூறு கொடுத்ததில்லையாம். மொரித்தாவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எங்களுக்கு ஒரு மூட்டை அரிசி வந்தது. கோயிலில் வைத்துப் பொங்கினோம். ஒன்பது பத்து மாதத்துக்குப் பிறகு சோற்று மணம். அன்றைக்கு மருதம்மாளைக் கூப்பிட்டுப் பந்தியில் முதல் இலையில் உட்கார வைத்தோம். அதற்கு முன் அவளை யாரும் பந்திக்கு அழைத்ததில்லை. அவள் சாப்பிடவில்லை. நாங்கள் சாப்பிட்டோம். நானும்தான், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஜப்பான்காரர் போனார்கள். காலண்டரில் அறுநூற்று அறுபது வருஷத்தைக் கழித்துக்கொண்டோம். வெள்ளைக்காரன் திரும்பி வருகிறான் என்ற செய்தி வந்த அன்றே அத்தனை சூராட்டும் அடுப்புக்குள் போனது. இருநூற்றுப் பத்துப் பேருக்கும் ஒரே ராத்திரியில் குணமாகிவிட்டது. ஊதாத் தண்ணீர்கூட வேண்டியிருக்கவில்லை. இருநூற்றுப் பதினொன்றாவது ஆள் நான்; எனக்கு மட்டும் குணமாகவில்லை. தாபெத்து சூராட் பற்றி யாராவது தெரியாமல் பேச்செடுத்தால், "எங்க வம்சத்துலயே அதெல்லாம் கெடையாதே!" என்று எழுந்து போனார்கள். பலகையை யாரோ கோழிக் கூண்டுக்குக் கதவாக்கிக்கொண்டார்கள். 'மனசு சரியில்லாதவரை' என்பது வரை உள்ளே போய், 'மதிப்போம்' மட்டும் வெளியே தெரிந்தது.

சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். முனியாண்டி திரும்பவில்லை. அவனைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று மருதம்மாள் வருகிறவர்களை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "என் தம்பியைப் பார்த்தீங்களா?" அவளுக்கு யாரும் மேட்டு லயத்தைக் காட்டவில்லை.

அந்தத் தை மாதம் பெண்டாங் மளிகைக்கடைக்காரர் சதாசிவம் என்னைத் தேடி வந்தார். இடையில் நின்றுபோன பேச்சுதான்; மகனுக்குப் பிரேமாவதியை எடுக்க ஆசை. சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணோட தாய்மாமன் ஒரு மாதிரின்னு கேள்விப்பட்டோம். நீங்க வைத்தியர், உள்ளதைச் சொல்லணும். வீட்டுல மத்தவங்க எப்படி?"

நான் பழைய பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டித் திறந்தேன். அதை ஏனோ எரிக்கவில்லை. கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். முத்திரை அப்படியே இருந்தது. சதாசிவம் விரலை வைத்து வாசித்தார். மருதம்மாள், ஆரோக்கியம். பிரேமாவதி, ஆரோக்கியம். முனியாண்டி, ஆரோக்கியம். பிறகு முந்தைய பக்கங்களைப் புரட்டினார். குழந்தைவேலு, அப்பளசாமி, பரஞ்சோதி என்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துவிட்டு என் நாற்காலியிலிருந்து தன் நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இந்தத் தோட்டத்துல அந்த ஒரு வீடு மட்டும்தானா சுத்தம்?"

"ஆமாம்" என்றேன்.

கல்யாணம் நடந்தது. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் குழந்தைவேலு தலைப்பாகையோடு முன்னால் வந்து, நானும் மாமன் முறைதான் என்று நின்றார். மாலையையும் அவரே எடுத்துக் கொடுத்தார். பந்தியில் கடைசி வரிசை ஓரமாக இரண்டு இலை போட்டுச் சோறு வைத்திருந்தது, யாரும் உட்காரவில்லை. சம்பந்தியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "அது யாருக்கு?" என்று கேட்டாள்.

"என் தம்பிக்கு. வெளியூரு போயிருக்கான்" என்றாள் மருதம்மாள்.

"ஒடம்புக்கு ஏதுமா?"

மருதம்மாள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்களை, முதல் இலையிலிருந்து கடைசி இலை வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள்.

"அவனுக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கான்."

"தங்கமான மனுசன்ங்க" என்றார் குழந்தைவேலு. நாங்கள் எல்லோரும் வாய் நிறையச் சோற்றோடு ஆமாம் என்று தலையாட்டினோம்.